வரைபடத்தில் எழுதாத மூலை

என் அக்காவிடம் எதைக் கேட்டாலும் வரும் பதில் ஒன்றுதான்: "பாக்கலாம்." டிபனுக்கு இட்லியா தோசையா என்று கேட்டாலும் பாக்கலாம், முழங்கை வலிக்கு டாக்டரிடம் போகலாமா என்றாலும் பாக்கலாம். அரசுப் பள்ளியில் இருபது வருஷத்துக்கு மேலாகக் கணக்கு டீச்சர். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் புருவத்தை உயர்த்தியே உட்காரவைத்துவிடுவாள். தன் விஷயம் என்று வந்துவிட்டால் மட்டும் வாயில் கொழுக்கட்டை. நாற்பத்தெட்டு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. அதையும் யாரோ எப்போதோ கேட்டு, அவள் பாக்கலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்குப் பொறுமை குறைவு. அந்த ஒரு வார்த்தையைக் கேட்டாலே கோபம் மண்டைக்கு ஏறும்.

அம்மா போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. ஸ்ரீரங்கத்து அபார்ட்மெண்டில் அம்மாவும் அக்காவும் மட்டும்தான் இருந்தார்கள். இப்போது அக்கா மட்டும். ஒரு நாள் சென்னையிலிருந்து அண்ணன் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"இன்னும் அங்க தனியா என்ன பண்ணப்போற? விருப்ப ஓய்வு எழுதிக் குடுத்துட்டு இங்க வந்துடு. பொண்ணுக்கு ஆகஸ்ட்ல டெலிவரி. உங்க அண்ணிக்கு முட்டிவலி, ஒண்ணும் முடியல. நீ இருந்தா எல்லாருக்கும் நல்லது."

"பாக்கலாண்ணே" என்றாள் அக்கா.

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைப் பிடுங்கியிருப்பேன். அடுத்த நிமிஷமே நான் வேறு கணக்குப் போட்டேன். நான் இருப்பது கைலாசபுரத்தில், கம்பெனி குவார்ட்டர்ஸில். ஓர் அறை சும்மாதான் கிடக்கிறது. ஆறாவது படிக்கும் என் மகளுக்குக் கணக்கு சுட்டுப்போட்டாலும் வரவில்லை. "நீ எங்களோட வந்துடுக்கா, சென்னையெல்லாம் வேணாம்" என்றேன். அதற்கும் பாக்கலாம்.

நான் ஏன் இவ்வளவு துடித்தேன் என்று சொல்ல வேண்டும். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அக்காவுக்கு வால்பாறைப் பக்கம் ஓர் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. அவளுக்கு இருபத்தோரு வயது. லெட்டரைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குவாள். அவ்வளவு தூரம் பெண்ணை அனுப்ப அம்மாவுக்கு மனமில்லை. எங்கள் வீட்டில் முடிவெடுக்க முடியாத விஷயம் எதுவானாலும் பூக்கட்டிப் பார்ப்பதுதான் வழக்கம். சிவப்புப் பூ ஒன்று, வெள்ளைப் பூ ஒன்று, இரண்டையும் தனித்தனியாகக் காகிதத்தில் பொட்டலம் கட்டி, குலுக்கி, சாமி படத்துக்கு முன்னால் போடுவார்கள். வீட்டில் சின்னதாக இருப்பது கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். சிவப்பு வந்தால் போகலாம், வெள்ளை வந்தால் இங்கேயே இருக்க வேண்டும் என்று அம்மா சொன்னாள். நான் எடுத்தேன். பிரித்தால் நந்தியாவட்டை. அம்மா என் வாயில் கற்கண்டைப் போட்டாள். அக்கா எழுந்து உள்ளே போனாள். அன்றிலிருந்து என் வலது கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பொட்டலம் ஞாபகம் வரும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஆகவே அக்காவை வாய் திறக்கவைப்பது என் பொறுப்பு என்று நானே எடுத்துக்கொண்டேன். அதற்கு நான் கண்டுபிடித்த வழியைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு விளையாட்டு.

கம்பெனி வேலையாக ஒன்றரை வருஷம் பெங்களூரில் இருந்தபோது தொற்றிக்கொண்ட பழக்கம் அது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாயாலேயே ஒரு கதையை நடத்துவது. வாளும் மந்திரமும் பூதமும் உள்ள ஓர் உலகம். ஒவ்வொருவருக்கும் ஒரு தாளில் ஓர் ஆள்: திருடி, போர்வீரன், வைத்தியச்சி என்று. அந்த ஆள் என்ன செய்கிறான் என்பதை அவரவர் சொல்வார்கள். பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது முகம் உள்ள ஒரு தாயக்கட்டை சொல்லும். ஒருவர் மட்டும் ஆட மாட்டார். உலகம் அவர் கையில். மலை எங்கே, திருடன் எங்கே, கதவுக்குப் பின்னால் என்ன என்பதெல்லாம் அவருக்கு மட்டும் தெரியும். அந்த வேலை எனக்கு.

இதில் சாண்ட்பாக்ஸ் என்று ஒரு வகை உண்டு. மணலைக் கொட்டிவிட்டுப் பிள்ளைகளை இறக்கிவிடுவதுபோல. கதை என்று முன்கூட்டி ஒன்றும் கிடையாது. ஒரு வரைபடம், அதில் சில இடங்கள், அவற்றைப் பற்றி ஊரில் உலாவும் சில வதந்திகள், அவ்வளவுதான். எங்கே போவது என்பதை ஆடுகிறவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நடத்துகிறவர் இந்தப் பக்கம் வா என்று கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. என் அக்காவுக்கென்றே யாரோ கண்டுபிடித்த மருந்து என்று நினைத்தேன்.

சிக்கல் என்னவென்றால், ஆட்டம் தொடங்கும்போது எல்லோரும் கற்றுக்குட்டிகள். உயிருக்கு ஒரு எண் உண்டு. அக்காவின் ஆளுக்கு அது நாலு. வாளால் நன்றாக ஒரு வெட்டு விழுந்தால் ஆறு போய்விடும். கொஞ்சம் பெரிய எலி கடித்தாலே போய்ச் சேர்ந்துவிடுவார்கள். அதனால் முதலில் எந்தெந்த இடங்களை வரைபடத்தில் வைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெரிய பூதத்தைப் பக்கத்துத் தெருவில் வைத்துவிட்டு, உன் இஷ்டத்துக்குப் போ என்றால் அது கொலை. ஒன்றுமே இல்லாத இடங்களாக வைத்தால் தூக்கம் வந்துவிடும்.

இரண்டு வாரம் நெட்டில் தேடினேன். ஆயத்தமாக எழுதிய கதைகள் எக்கச்சக்கமாகக் கிடைக்கின்றன. சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கட்டுக்கட்டாகப் பிரிண்ட் எடுத்தேன். கடைக்காரர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "சார், இது ஏதும் கோர்ஸுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். அட்டையில் 'தொடக்கநிலை' என்று போட்டிருக்கும். உள்ளே மூன்றாவது அறையில் பதினெட்டுப் பல்லி மனிதர்கள் ஈட்டியோடு நிற்பார்கள். எழுதினவனை நிற்கவைத்துக் கேள்வி கேட்கத் தோன்றும். இன்னொன்றில் முழங்கால் அளவு பனி. அக்காவுக்குப் பனி என்றால் ஃபிரிட்ஜில் உறைந்திருப்பதுதான். கடைசியில் மூன்றை எடுத்துக்கொண்டு ஊருக்குத் தக்கபடி மாற்றினேன். ஆற்றின் நடுத்திட்டில் பாழடைந்த ஒரு சத்திரம், அதில் வழிப்பறிக்காரர்கள். கிழக்கே மூடிப்போன ஒரு வெல்ல ஆலை, அதில் எலிகளும் எலிகளைவிடப் பெரிய ஏதோ ஒன்றும். தெற்கே வறண்ட காட்டில் படிக்கட்டு இறங்கும் ஒரு பெரிய கிணறு, உள்ளிருந்து பேச்சுக்குரல் கேட்கிறது. அந்தக் கிணறு மருங்காபுரிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது நான் பார்த்தது. தண்ணீர் இல்லை, படிகள் மட்டும் போய்க்கொண்டே இருந்தன.

சில விதிகளும் எழுதி வைத்துக்கொண்டேன். எந்த இடமும் ஒரு பகல் நடைக்கு மேல் இருக்கக் கூடாது. ஆபத்து இருந்தால் முன்னாலேயே வாடை அடிக்க வேண்டும். ஓடிவர ஒரு வழி இருக்க வேண்டும். சண்டை போடாமலும் தப்பிக்க முடிய வேண்டும். சார்ட் பேப்பரில் வரைபடம் போட்டேன்: நடுவில் ஊர், இரண்டாகப் பிரிந்து சேரும் ஆறு, மூன்று பாதைகள். வடக்கு மூலையில் காகிதம் காலியாக இருந்தது. மலை மாதிரி நாலு கோடு போட்டுவிட்டு பென்சிலைக் கீழே வைத்தேன்.

ஏப்ரல் மாதம் முதல் ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்தோம். அக்கா, என் மனைவி, என் செக்‌ஷனில் வேலை பார்க்கும் ஒரு நண்பர். அவர் ஞாயிறு காலை சர்ச் முடித்துவிட்டு நேராக வந்துவிடுவார். ஆள் சாது, ஆனால் தாயக்கட்டை கையில் வந்தால் யாரையாவது வெட்ட வேண்டும். என் மனைவி திருடி. அக்கா நாட்டு வைத்தியச்சி. தாளில் 'சொந்த ஊர்' என்ற இடத்தில் அக்காவின் பேனா நின்றது.

"இந்தப் பொண்ணுக்கு வீடு எங்கடா?"

"நீ எங்க வேணா வெச்சுக்கலாம்கா."

"பாக்கலாம்" என்று அதைக் காலியாக விட்டாள்.

அன்று ஒரு மணி நேரம் கயிறு வாங்குவதிலேயே போயிற்று. சாகசத்துக்குக் கயிறு வேண்டும் என்று நண்பர் சொல்ல, என் மனைவி இல்லாத கடையில் இல்லாத கடைக்காரரிடம் பேரம் பேசினாள். அந்தக் கடைக்காரரும் நான்தான். "என்னங்க, நேத்து வந்தப்ப கம்மியா சொன்னீங்களே" என்று அவள் கேட்டபோது நான் நிஜமாகவே தடுமாறினேன். ஒருவழியாகக் கயிறு வாங்கியாகிவிட்டது. மூன்று வதந்தியையும் சொன்னேன். எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"எங்க அடிதடி இருக்கோ அங்க" என்றார் நண்பர்.

"நீங்களே சொல்லுங்களேன்" என்றாள் மனைவி.

"எல்லாரும் எங்க போறீங்களோ அங்க நானும் வரேன்" என்றாள் அக்கா. பிறகு வரைபடத்தின் வடக்கு மூலையில் விரலை வைத்து, "இங்க என்னடா இருக்கு?" என்று கேட்டாள்.

"அங்க ஒண்ணும் இல்லக்கா. இன்னும் எழுதல. இந்த மூணுல ஒண்ணு சொல்லு."

விரலை எடுத்துக்கொண்டாள். நான் அடுத்த வேலையைப் பார்த்தேன்.

இரண்டாவது ஞாயிறு நண்பர் பிடிவாதம் பிடித்து எல்லோரையும் வெல்ல ஆலைக்கு இழுத்துக்கொண்டு போனார். வாசல்வரை வந்துவிட்டார்கள். உள்ளே ஏதோ உருளும் சத்தம் கேட்கிறது என்று நான் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். அப்போது அக்கா கேட்டாள்: "ஆலை யாருக்குச் சொந்தம்? அவங்களக் கேக்காம உள்ள போலாமா?"

நான் என் தாள்களைப் புரட்டினேன். நெட்டில் எடுத்த பன்னிரண்டு பக்கத்தில் அந்த ஆலையின் சொந்தக்காரர் யார் என்று எங்கும் இல்லை. மூவரும் ஒரு பகல் நடந்து ஊருக்குத் திரும்பி வந்து ஊர்த்தலைவருக்கு மனு எழுதினார்கள். சும்மா இல்லை, அக்கா நிஜத் தாளில் எழுதினாள். அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள்: பழைய வெல்ல ஆலையினுள் நுழைய அனுமதி வேண்டுதல் சார்பாக. நண்பர் சிரித்துச் சிரித்துப் புரையேறிக் கிடந்தார். நானும் சிரித்தேன். ஆனால் பாலத்தைத் தாண்டி வீட்டுக்கு வண்டி ஓட்டும்போது அழுகை வந்தது. எலி இருக்கும் இருட்டறைக்குள் போவதற்குக்கூட அவளுக்கு யாரோ கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

அந்த வாரம் அண்ணன் மறுபடி போன் செய்தார். மே மாதக் கடைசி ஞாயிறு நேரில் வருவதாகவும், ஓய்வுக்கான விண்ணப்பத்தை டைப் செய்தே கொண்டுவருவதாகவும், அக்கா கையெழுத்துப் போட்டால் போதும் என்றும் சொன்னார். அக்கா சரி என்று சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நான் காலண்டரைப் பார்த்தேன். அதற்குள் அவள் ஒரு முறையாவது, விளையாட்டிலாவது, நான் இங்கே போகிறேன் என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். சொன்னால் அது பழகிவிடும் என்று நம்பினேன்.

அங்கேதான் தப்புப் பண்ணினேன். மூன்று இடங்களில் சத்திரத்தை மறுபடி படித்துப் பார்த்தேன். வழிப்பறிக்காரர்கள் ஆறு பேர், அதில் இரண்டு பேர் வில்லோடு. அக்கா முதன்முதலாகத் தானே ஓர் இடத்தைச் சொல்லி, அங்கே போன ஐந்தாவது நிமிஷத்தில் அவள் ஆள் அம்பு பட்டுச் செத்தால்? அப்புறம் ஆயுசுக்கும் வாய் திறக்க மாட்டாள். ஆலையிலும் இதே கதைதான். கிணறு ஒன்றுதான் கச்சிதம். பயம் இருக்கும், ஆனால் கற்றுக்குட்டிகள் பிழைத்து வரலாம். கீழே அடைபட்டிருக்கும் ஒரு கிழவனைக் காப்பாற்றினால் ஊரே கொண்டாடும். அக்காவின் வைத்தியத்துக்கும் அங்கே வேலை இருந்தது. ஆகவே எதைச் சொன்னாலும் கிணறு என்று முடிவு செய்தேன். சத்திரம் என்றால் முற்றத்தில் அந்தக் கிணறு. ஆலை என்றால் பின்கட்டில் அதே கிணறு. அதே பதினேழு படி, அதே கிழவன். ஆடுகிறவர்களுக்கு எப்படித் தெரியப்போகிறது? மூன்றிலும் முழு மூச்சாக உழைக்க எனக்கு நேரமும் இல்லை. கிணற்றுத் தாளின் தலைப்பில் பென்சிலால் எழுதி வைத்தேன்: 'சத்திரம், ஆலை, காடு. எதைச் சொன்னாலும் இதே.'

மூன்றாவது ஞாயிறு. "இந்த வாட்டி அக்காதான் சொல்லணும். மத்தவங்க ரெண்டு பேரும் வாயத் தொறக்கக் கூடாது" என்றேன். நண்பர் உதட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டார். அக்கா வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மின்விசிறிக் காற்றில் சார்ட் பேப்பரின் ஓரம் எழும்ப, உப்புக் கிண்ணத்தை எடுத்து அதன்மேல் வைத்தாள். இரண்டு நிமிஷம் இருக்கும். எனக்கு இரண்டு மணி நேரமாகத் தெரிந்தது.

"சத்திரம்" என்றாள்.

"ஏன்கா?" என்று கேட்டேன்.

"ஆத்துக்கு நடுவுல இருக்குல்ல. யாரும் சட்டுனு வந்துட முடியாது."

அன்று அவள் ஆடினாளே, அதுதான் ஆட்டம். பரிசலைக் கரையில் கட்டச் சொன்னாள். நண்பரை வாளை உறையில் போடச் சொன்னாள், அவரும் போட்டார். கிணற்றுக்குள் கயிற்றை இறக்கி முதலில் தானே இறங்கினாள். ஏழாவது படி உடைந்தபோது தாயக்கட்டையை உருட்டினாள், இருபது விழுந்தது. கைதட்டிச் சிரித்தாள். அம்மா போன பிறகு அவள் பல் தெரியச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். நான் ராஜாபோல எழுந்து டீ போடப் போனேன்.

டிரேயோடு திரும்பியபோது மனைவியும் நண்பரும் பால்கனியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா என் நாற்காலிப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என் தாள்கள் மேசையில் அப்படியே கிடந்தன. விடைத்தாள் திருத்தித் திருத்திப் பழகிய கண். டீயை வாங்கிக்கொண்டாள். ஆட்டம் முடியும்வரை முன்போலவே உற்சாகமாக ஆடினாள், கிழவனைத் தூக்கிவந்து மூலிகை வைத்துக் கட்டினாள். இதை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

நண்பர் கிளம்பினார். மனைவி, உள்ளறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்த மகளைக் கூட்டிக்கொண்டு பூ வாங்கக் கீழே இறங்கினாள். நான் டம்ளர்களைக் கழுவினேன், அக்கா துடைத்தாள்.

"மூணு எடத்துலயும் ஒரே கிணத்தத்தான் வெச்சிருந்தியா?"

குழாயை மூடினேன். "அது வந்துக்கா… ஆரம்பத்துல இருக்கறவங்களுக்கு மத்த ரெண்டும் ஆபத்து. உனக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னுதான்."

"பரவால்லடா. நல்லாத்தான் இருந்துச்சு." ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "அம்மாவும் இப்படித்தான் பண்ணாங்க."

"எத?"

"வால்பாறைக்குப் பூக்கட்டினாங்கல்ல. நீ ஒண்ணு எடுத்த. இன்னொரு பொட்டலம் விளக்குக்கிட்டயே கெடந்துச்சு. மறுநாள் பெருக்கறப்ப பிரிச்சுப் பாத்தேன். அதுலயும் நந்தியாவட்டைதான்."

நான் ஈரக் கையோடு நின்றேன். கூடத்தில் அம்மாவின் படம், அக்கா காலையில் போட்ட மாலையோடு. போய் அதைக் கழற்றி எறியலாம் போல இருந்தது. எறிந்து என்ன? யாரிடம் கேட்பது? இருபத்தேழு வருஷம் என் கையை நானே திட்டிக்கொண்டு இருந்தேன். அந்தக் கை எதை எடுத்திருந்தாலும் வெள்ளைதான்.

"ஏன்கா சொல்லல? எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல. நான்தான் உன்னப் போகவிடாம பண்ணிட்டேன்னு எத்தன வருஷமா…"

அக்கா துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. "ஐயோ. நீ அத நெனச்சுக்கிட்டே இருக்கேன்னு எனக்குத் தெரியாதேடா. தெரிஞ்சிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்." துணியை உதறி மடித்தபடி, "அம்மாகிட்ட என்னன்னு கேக்கறது? அதுக்கப்புறம் ரெண்டு நாள் அவங்க என் மூஞ்சியவே பாக்கல. அவங்களுக்கும் பயம், எனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு" என்றாள்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இத்தனையும் கேட்ட பிறகும், சொன்னேன்: "சரிக்கா, அத விடு. நீ எங்க வீட்டுக்கு வந்துடு. ஒருத்தரும் உன்ன ஒண்ணும் கேக்க மாட்டாங்க. பாப்பாவுக்குக் கணக்கு மட்டும் கொஞ்சம்…"

அக்கா சிரித்தாள். அதில் கசப்பு இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "அண்ணன் சென்னைங்கறாரு. நீ கைலாசபுரங்கற. உள்ள எறங்கிப் பாத்தா ரெண்டும் ஒரே கிணறுதானடா."

அதற்கப்புறம் சில ஞாயிறுகள் ஏதோ காரணம் சொல்லி நானே ஆட்டத்தைத் தள்ளிப்போட்டேன். வரைபடத்தை எடுத்தாலே கை கூசியது. கோடை விடுமுறை வந்தது. அக்கா என்ன நினைக்கிறாள் என்று கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. போனில் சாப்பிட்டியா என்று கேட்பேன், சாப்பிட்டேன் என்பாள், வைத்துவிடுவோம்.

மே கடைசி ஞாயிறு அண்ணன் வந்தார். நாங்களும் போயிருந்தோம். சாப்பாடு முடிந்து கை கழுவிவிட்டு வந்தவர் மேசையில் அந்த விண்ணப்பத்தை வைத்தார். பேனாவையும் மூடி கழற்றி வைத்தார். அக்கா உள்ளே போய் ஒரு தாளைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"புதன்கிழமை மாறுதல் கலந்தாய்வு முடிஞ்சுதுண்ணே. உப்பிலியபுரம் எடுத்துட்டேன். ஜூன்ல சேரணும்."

அண்ணன் தாளை இரண்டு முறை படித்தார். "யாரக் கேட்டு எடுத்த?"

"யாரையும் கேக்கல."

"அங்க நமக்கு யாரு இருக்கா? தெரிஞ்சவங்க, சொந்தம், ஒருத்தராவது?"

"யாரும் இல்லண்ணே."

"வெளயாடறியா? இருக்கற எடத்துலேர்ந்து பச்சமல அடிவாரத்துக்குப் போயி, இந்த வயசுல, ஒண்டியா…" அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. கெட்டவர் இல்லை அவர். நிஜமாகவே பயந்துபோயிருந்தார். என் பக்கம் திரும்பி, "நீ சொல்லுடா இவளுக்கு" என்றார்.

நான் எதிர்பார்த்த நாள் இதுதான். அவள் வாயைத் திறந்துவிட்டாள். நான் எழுந்து ஆடியிருக்க வேண்டும். ஆனால் நான் அந்த ஊரை நினைத்துப் பார்த்தேன். அந்த ஊரில் ராத்திரி காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள், குளியலறையில் வழுக்கி விழுந்தால் யாருக்குத் தெரியும். என் வாய் தானாகப் பேசியது: "கிட்டத்துலயே வேற எடம் இல்லையாக்கா? திருவெறும்பூர்ப் பக்கம் ஒண்ணு காலியா இருக்குன்னாங்களே. எங்க வீட்டுலேர்ந்தே…"

"இருந்துச்சு. ஸ்க்ரீன்ல மொதல்ல அதத்தான் காட்டுனாங்க" என்றாள் அக்கா. "எடுக்கல."

அண்ணன் சாயங்கால ரயிலுக்கே கிளம்பிவிட்டார். விண்ணப்பத்தை மடித்துப் பைக்குள் வைத்தவர், வாசலில் செருப்பை மாட்டும்போது, "எதாவது ஒண்ணுன்னா உடனே போன் பண்ணு" என்று மட்டும் அக்காவிடம் சொன்னார்.

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் அவளை பஸ் ஏற்றிவிடச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். காரில் கொண்டுவிடுகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். அவள் போனிலேயே பேசி வாடகைக்கு எடுத்திருந்த மாடி வீட்டை முதலில் நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றதற்கும் வேண்டாம். துறையூர் போய் மாறிக்கொள்வாள். ஒரு சூட்கேஸ், ஒரு குக்கர், ஒரு துணிப்பை. ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் கீழே நின்றுகொண்டு கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். தண்ணி நல்லா வருமா, மாடிக்குத் தனி வழி இருக்கா, பக்கத்துல மெடிக்கல் ஷாப் இருக்கா. எல்லாவற்றுக்கும் ஒரே பதில் சொன்னாள்: "போய்த்தாண்டா பாக்கணும்."

என் சட்டைப் பையில் நாலு பக்கம் மடித்து வைத்திருந்தேன். இரண்டு நாள் லீவு போட்டு உட்கார்ந்து எழுதியது. அந்த வடக்கு மூலைக்கு. மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர், நல்ல மனிதர்கள், வற்றாத சுனை, மூலிகை விளையும் சரிவு. ஓநாய்கள் என்று முதலில் எழுதி, அப்புறம் அடித்துவிட்டு ஆடுகள் என்று மாற்றியிருந்தேன். அவளிடம் கொடுத்து அனுப்பலாம், ஞாயிற்றுக்கிழமைகளில் போனிலாவது ஆட்டத்தைத் தொடரலாம் என்று ஒரு நினைப்பு.

கண்டக்டர் விசில் அடித்தார். "அக்கா, ஆட்டம் பாதில நிக்குது. சத்திரத்துலேர்ந்து அடுத்து எங்க போறேன்னு சொல்லிட்டுப் போ" என்றேன்.

"அந்த மூலைக்குத்தான். நாலு கோடு போட்டு விட்டியே, மல மாதிரி."

கை பைக்குள் போயிற்று. "அங்கயாக்கா? அங்கன்னா…"

"ஒண்ணும் எழுதல, அதானே? எழுதாதடா" என்றாள் அக்கா. பஸ் நகரத் தொடங்கியிருந்தது. தலையை வெளியே நீட்டி, "நான் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றாள்.

பஸ் திரும்பும்வரை கையசைத்தேன். இன்னொரு கை பைக்குள்ளேயே அந்த நாலு தாளையும் பிடித்துக்கொண்டிருந்தது. கிழித்துப் போடவும் மனம் வரவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.